பதினாறு நாள் தொடாத பல்

1

சென்ற வாரம் என் கடவுச்சீட்டில் பதினோராவது முறையாக அந்த முத்திரை விழுந்தது. மலேசியக் குடிமகன் ஒருவரின் மனைவி என்ற தகுதியில் நான் ஈப்போவில் இன்னும் சில காலம் தங்கலாம் என்பது அதன் பொருள். "இத்தனை வருடம் ஆகியும் இப்படித்தானா?" என்று அரியலூரிலிருந்து தோழிகள் தொலைபேசியில் வருந்துகிறார்கள். வருந்த வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கினேன். என்னிடம் பிறப்புச் சான்று இருக்கிறது. பள்ளிச் சான்று, திருமணச் சான்று, சமூகப்பணி முதுகலைப் பட்டம் எல்லாம் இருக்கின்றன. ஒரு நெகிழி உறைக்குள் நான் முழுதாக அடங்கிவிடுகிறேன். நான் யார், எங்கே பிறந்தேன் என்பதில் எந்த அதிகாரிக்கும் இதுவரை ஐயம் வந்ததில்லை. இது எவ்வளவு பெரிய வசதி என்பதை எனக்குக் காட்டியவர் அஞ்சலை அக்கா.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். கச்சாங் பூத்தே என்று இங்கே சொல்லப்படும் கடலை, முறுக்கு வகைகளைச் செய்யும் ஒரு சிறு பட்டறையில் பொட்டலம் போடுகிறார். இந்த நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஆனால் அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாக வசிக்கலாம், குடிமகள் அல்ல. பிள்ளைகள் மூவருக்கும் குடிமக்களுக்கான நீல அட்டை. மறைந்த கணவருக்கும் நீல அட்டை. தேர்தல் நாளில் பிள்ளைகள் விரல் மையோடு திரும்பும்போது அக்கா அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார்.

நாடு விடுதலை பெற்றதற்கு மறு ஆண்டு, அதாவது 1958இல், ஈப்போவுக்குத் தெற்கே சுண்ணாம்புக் குன்றடியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்ததாக அக்கா சொல்கிறார். அதைக் காட்ட முடிந்தால் நீல அட்டைக்கு வழி உண்டு. பிறப்பைப் பதிய வேண்டிய கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பதியாமலே மாற்றலாகிப் போனார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு இப்போது அங்கே வீடுகள் நிற்கின்றன. பெற்றோர் இல்லை. மருத்துவச்சி இல்லை. மூன்று முறை மனுப் போட்டார். மூன்று முறையும் மரியாதையான ஒரே பதில் வந்தது: போதிய ஆதாரம் இல்லை.

2

சனிக்கிழமைக் காலைகளில் கோயில் மண்டபத்தில் நாங்கள் மூன்று பெண்கள் மேசை போட்டு உட்கார்ந்து, இத்தகைய மனுக்களை நிரப்பிக் கொடுக்கிறோம். அக்காவின் மனுக்களில் கடைசி இரண்டும் என் கையெழுத்தில் போனவை.

"அக்கா, நீங்க பிறந்த சமயத்துல அப்பா அந்தத் தோட்டத்துலதான் இருந்தாருன்னு காட்ட ஏதாவது தாள் இருக்கா?"

"தாளு எங்க இருக்கு தங்கச்சி? எங்கப்பா யானப்பல்லு தோண்டி எடுத்தாரு. அத எழுதேன்."

"பல்லைப் பத்தி அப்புறம் பேசுவோம் அக்கா."

அந்தப் பல்லின் கதை புந்தோங்கில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். அக்கா பிறந்த மறுநாள், அவருடைய அப்பா வீரன் குன்றடியில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து செருப்பின் அடிப்பாகம் போல வரிவரியாக ஒரு கல் வந்தது. யானையின் கடைவாய்ப் பல் என்று யாரோ சொன்னார்கள். லயத்து ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடி முனீஸ்வரர் காலடியில் வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தோட்டத்து மேலாளரான துரை வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். குழந்தைக்கு மட்டும் 'யானப்பல்லு' என்ற பட்டப்பெயர் நின்றுவிட்டது. "பள்ளிக்கூடம் போன அந்த ஆறு மாசமும் வாத்தியாரே என்ன அப்படித்தான் கூப்பிடுவாரு. நான் சிரிச்சா எல்லாரும் ஓடுவானுங்க" என்று சொல்லி, அக்கா சிரித்துக் காட்டுவார்.

எழுத்தறியாத மக்கள் பிறப்பையும் இறப்பையும் நிகழ்ச்சிகளோடு முடிந்துவைத்து நினைவு கொள்வார்கள் என்பது எனக்குப் பாடத்தில் படித்தே தெரியும். தேர்வில் அதைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறேன். இருந்தும் இரண்டு மனுக்களிலும் 'ஆவணம்: இல்லை' என்று எழுதினேன். அக்கா அதைப் படிக்கத் தெரியாதவர். நான் எழுதியது சரியென்று நம்பிக் கைநாட்டு வைத்தார்.

எங்கள் மகள் இளவேனிலுக்குப் பதினான்கு வயது. என்னோடு தமிழிலும், தோழிகளோடு மலாயிலும், கைபேசியோடு ஆங்கிலத்திலும் பேசுகிறாள். தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கிறாள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, அவளுக்கு இல்லை. ஒரு நாள் அக்கா கதையைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்:

"பெரியம்மா, அந்தப் பல்லு இப்ப எங்க இருக்கு?"

"தொர கொண்டுபோயிட்டான். யாருக்குத் தெரியும்?"

"தானியா லா! கேட்டாத் தெரியும்லா."

லா இங்கே பேச்சுக்கு அழுத்தம்; தானியா என்றால் கேள். எனக்குத் தோன்றாத ஒரு வினை. ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று ஆய்வுச் சேகரிப்புக்கு அன்றைக்கே அவள் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தோட்டத்தின் பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார் பொறுப்பாளர் முனைவர் சுராயா.

3

வாயிற்காவலரிடம் நான் என் மலாயில், "பல் பார்க்க வந்திருக்கிறோம், நேரம் வாங்கியிருக்கிறோம்" என்றேன். அவர் என் தாடையைப் பரிவோடு பார்த்து, பல் மருத்துவக்கூடம் இங்கே இல்லையே என்றார். "கிகி காஜா லா, பாங்! யானப் பல்லுண்ணே! இவ பல்லு நல்லாத்தான் இருக்கு!" என்று அக்கா பாதி மலாயிலும் பாதி தமிழிலும் போட்ட கூச்சலில் கதவு திறந்தது.

கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கான காட்சிக்கூடம். கிந்தா பள்ளத்தாக்கின் குகை ஒன்றை வெட்டிப் பார்ப்பது போல ஒரு சுவரை அமைத்திருக்கிறார்கள். அதன் இடுக்குகளில் தப்பீர் என்ற காட்டு விலங்கின் தாடை, காட்டுப்பன்றியின் கோரைப்பல், இன்று இந்தத் தீபகற்பத்தில் எங்குமே இல்லாத ஓராங் ஊத்தானின் சிறு பற்கள். பற்கள் மட்டும் ஏன் இவ்வளவு என்று இளவேனில் கேட்டாள். குகைக்குள் வந்த முள்ளம்பன்றிகள் எலும்பையும் பல்லின் வேரையும் கடித்துத் தின்றுவிட்டன. கடிக்க முடியாத பகுதிதான் மிச்சம் என்று முனைவர் சுராயா விளக்கினார். எனக்கு அரியலூர் நினைவு வந்தது. அங்கே சுண்ணாம்புச் சுரங்கத்து லாரிகளிலிருந்து சுருள் சுருளாகக் கல் நத்தைகள் சாலையில் உதிரும். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் அப்பா அப்படி ஒன்றை எடுத்து வந்து, சான்றிதழ் கேட்டு வருவோரின் மனுக்கள் பறக்காமல் மேலே வைத்திருந்தார். கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையின் கீழே அந்த மனுக்கள் வாரக்கணக்கில் கிடக்கும். வெளியே வெயிலில் நின்றவர்களின் முகங்களை நினைத்துத்தான் நான் சமூகப்பணி படிக்கப் போனேன்.

ஆய்வுச் சேகரிப்பு மேல்தளத்தில். குளிர் உறைக்கும் அறை. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். அக்கா கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலம் வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

"எலி வருமா?" என்றார் அக்கா.

"பூச்சி வரும், மக்சிக்" என்றார் முனைவர், வயதில் மூத்த பெண்களை இங்கே அழைக்கும் மரியாதைச் சொல்லால். "வேலை முடிந்ததும் நானே வெளியே வந்து சாப்பிடுகிறேன்."

அகலமான இழுப்பறையைத் திறந்தார். பஞ்சுப் படுக்கையில் ஐந்து பற்கள். மூன்றாவதைக் காட்டினார். அதன் ஓரத்தில் வெள்ளைப் பூச்சின்மேல் எறும்பளவு எழுத்தில் ஓர் எண். பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேரே தோட்டத்தின் பெயர், மாதம், ஆண்டு. நாடு விடுதலை பெற்றதற்கு மறு ஆண்டு. 'கண்டெடுத்தவர்' என்ற கட்டத்தில் துரையின் பெயர்.

இளவேனில் அதை வாசித்துச் சொன்னபோது அக்காவின் முகம் மாறியது. "தொரயா தோண்டுனான்? தொர எந்தக் காலத்துல மம்புட்டி புடிச்சான்?"

அக்கா குனிந்து பல்லைப் பார்த்தார். வரிப்பள்ளங்களில் மங்கிய சிவப்பு படிந்திருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு: ஆதி மனிதர் பூசிய செம்மண் சாயமாக இருக்கலாம் என்று யாரோ எழுதி, ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள். முனைவர் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா பெருங்குரலில் சிரித்துவிட்டார்.

"ஆதி மனுசனா! குங்குமம் லா அது! எங்க லயத்து ஆளுங்க பூசுனது!"

இளவேனில் மலாயில் சொல்லக் கேட்டு முனைவர் சுராயா கைகளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு நிமிர்ந்து, சிரிப்பு மாறிய குரலில், "மக்சிக், அப்படியென்றால், இந்தப் பல்லோடு இதுவரை யாரும் சேர்த்துப் பார்க்காத இன்னொரு கோப்பு இருக்கிறது. அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று எங்களுக்கே விளங்கவில்லை" என்றார்.

4

அது பல்லோடு துரை அனுப்பிய ஆங்கிலக் கடிதம். இரண்டு பக்கம், தட்டச்சு, கீழே தேதியும் கையொப்பமும். இளவேனில் மனத்துக்குள் வாசித்து, தமிழில் சொல்லத் தொடங்கினாள். அவளுடைய தமிழ் தடுக்கித் தடுக்கி நடந்தது. நடுவில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இங்க ஒரு வார்த்த இருக்கு. கூலின்னு. சொல்லணுமா?"

"சொல்லு பாப்பா" என்றார் அக்கா. "கூலி வாங்கித்தான என்ன வளத்தாரு."

கடிதத்தின் சாரம் இது. தோட்டத்தின் வடிகாலில் வேலை செய்த கூலிகள் இந்தப் பல்லைக் கண்டெடுத்து, தங்கள் சாமி மரத்தடியில் வைத்து, சிவப்புப் பொடி பூசிக் கும்பிடுகிறார்கள். கேட்டால், கண்டெடுத்தவன் வந்து தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் கொடுப்போம் என்கிறார்கள். அவன் பெயர் வீரன். அவனோ அதன் பக்கத்தில் வர மறுக்கிறான். பத்தடி தள்ளி நிற்கிறான். பதினாறு நாள் கழியாமல் தொடமாட்டேன் என்கிறான். பல்லைத் தோண்டிய அதே ஆள் அதைத் தொட ஏன் அஞ்சுகிறான் என்று தெரியவில்லை. கிராணியைக் கேட்டால் சிரிக்கிறார். பதினேழாம் நாள் குளித்து வந்து, ஒரு தகராறும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தான்.

இளவேனில் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஏன் பெரியம்மா? பயமா?"

"பயம் இல்ல, தீட்டு. புள்ள பொறந்த வீடு. பதினாறு நாளு வேலைக்குப் போலாம், வரலாம். சாமிகிட்ட மட்டும் போகக்கூடாது. தோண்டுறப்ப அது கல்லு, தொட்டாரு. சாமி காலடிக்குப் போனதுக்கப்புறம் எப்படித் தொடுவாரு?"

சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினார். நானும் நிமிர்ந்தேன். அந்த லயத்தில், அந்த மாதத்தில், வீரன் வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. பிறப்பைப் பதிய வேண்டிய கிராணி பதியவில்லை. குழந்தையைப் பற்றி ஒன்றும் அறியாத துரை, தனக்கு விளங்காத ஒன்றை எரிச்சலோடு எழுதிவைத்தார், அது பதிவாகிவிட்டது. இத்தனை பத்தாண்டுகள் ஒரு குளிர் அறை அந்தத் தாளைக் கறையானிடமிருந்து காத்திருக்கிறது.

"இதான் எங்கப்பா பேரா?" என்று அக்கா கேட்டார். இளவேனில் அவர் விரலைப் பிடித்து அந்த நான்கைந்து எழுத்துகளின் மேல் வைத்தாள். கையுறை போடவில்லை. முனைவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை.

5

சான்றளித்த நகல் வேண்டும் என்று கேட்டோம். பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பிரிவு ஒரு படிவத்தை அனுப்பியது. 'அந்தப் பல்லின் மீது எனக்கோ என் குடும்பத்துக்கோ எவ்வித உரிமையும் இல்லை' என்று அக்கா கைநாட்டு வைத்தால் நகல் தரப்படும். எனக்கு ரத்தம் கொதித்தது. தகப்பன் தோண்டியதைத் துரை எடுத்தார். இப்போது மகளிடம் ஒரு தாளுக்காக அதை எழுதி வாங்குவதா? கைநாட்டு வைக்காதீர்கள் என்று அக்காவிடம் சொன்னேன். எதிர்ப்புக் கடிதம்கூட எழுதிவிட்டேன்.

அக்கா கேட்டார்: "சரி, வைக்கல. பல்லக் கொண்டாந்து எங்க வைக்கிறது? சாமி மரத்த வெட்டியாச்சு. என் வீட்டு அலமாரியிலயா? நான் போயிட்டா எம்புள்ளைங்க அத என்ன செய்வானுங்க, சொல்லு."

நான் கொள்கையைப் பார்த்தேன். அவர் பல்லைப் பார்த்தார், தன் காலத்துக்குப் பிறகும் பார்த்தார். கைநாட்டுக்கு ஈடாக அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் வேண்டும். பதிவேட்டில் பழைய எழுத்தை அழிப்பது வழக்கமில்லை என்றும், அதன் கீழே திருத்தத்தைச் சேர்க்கலாம் என்றும் முனைவர் சொன்னார். எங்கள் கண்முன்னே துரையின் பெயருக்குக் கீழே எழுதினார்: கண்டெடுத்தவர், வீரன் த/பெ சுப்பன், வடிகால் தொழிலாளி. தேதியும் தன் ஒப்பமும் இட்டார். சிவப்பைப் பற்றிய சீட்டும் மாறியது. வழிபாட்டில் இட்ட குங்குமம்; சுத்தம் செய்யக் கூடாது.

நகல் வந்தது. ஆனால் தீட்டு என்றால் என்னவென்று பதிவு அலுவலகத்துக்கு யார் சொல்வது? குழந்தை பிறந்த வீட்டார் பதினாறு நாள் சாமியைத் தொடுவதில்லை என்று ஒரு கோயில் தன் தாளில் எழுதித் தர வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். தீட்டு என்ற வழக்கத்தோடு எனக்கு நீண்ட பகை உண்டு. அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்த நேரத்தில், அரியலூரில் நான் ஆசையோடு காத்திருந்த தேரோட்டத்துக்குப் போகக்கூடாது என்று அம்மா தடுத்தார். ஒரு குழந்தை பிறந்ததில் என்ன அழுக்கு என்று கேட்டு, அம்மாவோடு பல நாள் பேசாமல் இருந்தேன். இங்கே வந்த பிறகும், பிள்ளை பெற்ற பெண்களை ஒதுக்கி வைக்காதீர்கள் என்று இதே கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கி பிடித்துப் பேசியிருக்கிறேன். கோயில் தலைவர் அதை மறக்கவில்லை.

"ஏம்மா, போன வருசம் இந்த மேடையிலதான தீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாதுன்னு பேசுனீங்க?"

"ஆமாண்ணே."

"இப்ப இருக்குன்னு எழுதித் தரணுமா?"

"ஆமாண்ணே."

"முத்திரையோடயா?"

"முத்திரையோட."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மிகுந்த பொறுப்போடு, மலாயிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தார். என் கருத்து மாறவில்லை. நாளை மேடை கிடைத்தால் அதையேதான் பேசுவேன். ஆனால் ஒரு தொழிலாளி தான் தோண்டி எடுத்த அதிசயத்தை, தன் பெருமையை, பதினாறு நாள் தள்ளி நின்று பார்த்தார். அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் துரை எரிச்சல் அடைந்திருக்க மாட்டார், கடிதத்தில் அந்த வரிகள் இருந்திருக்காது. நான் தவறென்று நினைக்கும் ஒன்றுக்கு நன்றி சொல்ல நேர்ந்தது வாழ்வில் இதுவே முதல் முறை. தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இளவேனிலுக்கும் சொல்ல வேண்டும். அவள் தமிழ் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்ற என் கவலை தீரவில்லை. ஆனால் நான் கதை என்று ஒதுக்கியதை, அவள் பதில் உள்ள ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டாள். தமிழ் நன்றாகத் தெரிந்த நான்தான் அக்கா சொன்னதைக் கேளாமல் இருந்தேன்.

6

நான்காவது மனுவை இந்த மாதம் கொடுத்தோம். முடிவு வர நாளாகும். வரும்போது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. சத்தியப் பிரமாணம், கோயில் கடிதம், பல்கலைக்கழக நகல், அதன் மலாய் மொழிபெயர்ப்பு என்று எல்லாவற்றையும் எண்ணிட்டு அடுக்கியிருந்தேன். அக்கா பட்டறைக்கு விடுப்புச் சொல்லி, பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார்.

பதிவு அலுவலக முகப்பில் இருந்த அதிகாரி இளம்பெண்; இங்கே 'புவான்', அதாவது அம்மணி, என்று அழைக்க வேண்டும். முந்தைய மனுக்களின் கோப்பைப் புரட்டினார். புதிய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். துரையின் கடிதத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஒரு முறை வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பின்னால் காத்திருந்தவர்களின் எண்களைத் திரை அழைத்துக்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்து, என்னை விட்டுவிட்டு, அக்காவைப் பார்த்து மலாயில் கேட்டார்.

"இந்த வீரன்தானே தோண்டி எடுத்தார்? பிறகு ஏன் பதினாறு நாள் தொடவில்லை?"

நான் வாயைத் திறந்தேன். வழக்கம், இணைப்பு மூன்று, கோயில் கடிதத்தின் இரண்டாம் பத்தி என்று எல்லாம் நாவின் நுனியில் இருந்தன. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அமர்த்திவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை. நல்ல, தெளிவான மலாயில் அதிகாரியிடம் சொன்னார்:

"அப்போது நான் பிறந்துவிட்டேன், புவான். அதனால்தான்."